மார்க்டவுன் கோப்புகளை ஒரே சீராக்க எம்டிஃபார்மட்: முதல்முறை ஓட்டுபவர்களுக்கு

எளிய குறிகளைக் கொண்டு ஆவணம் எழுதும் முறையான மார்க்டவுனில் புள்ளிப் பட்டியல் தொடங்க ஹைஃபன் போடலாம், நட்சத்திரம் போடலாம், கூட்டல் குறியும் போடலாம். தலைப்புக்கு முன்னால் # இடலாம்; இல்லாவிட்டால் தலைப்புக்குக் கீழே === என்று கோடு இழுக்கலாம். சாய்வெழுத்துக்கு \*இப்படியும்\* எழுதலாம், \_இப்படியும்\_ எழுதலாம். எதை எழுதினாலும் பக்கத்தில் தெரிவது ஒன்றுதான். ஒரே ஆள் எழுதும்வரை இதில் தொல்லை இல்லை. நான்கு பேர் ஒரே ஆவணத்தைத் தொட ஆரம்பித்ததும் சிக்கல் வரும். ஒருவருடைய எடிட்டர் சேமிக்கும்போது நட்சத்திரங்களையெல்லாம் ஹைஃபனாக்கிவிடும். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் டிஃப் (மாறிய வரிகளின் ஒப்பீடு) திறந்தால் நாற்பது வரி சிவப்பு, நாற்பது வரி பச்சை. உண்மையில் திருத்தியது ஒரு சொல். அந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது பரிசீலிப்பவர் தலையில் விழும்.

இதற்குத்தான் கோப்பை ஒரே நடைக்கு மாற்றியெழுதும் ஃபார்மட்டர்கள். இங்கே எடுத்துக்கொள்வது எம்டிஃபார்மட். பைத்தானில் எழுதப்பட்ட, டெர்மினலில் ஓடும் சின்னக் கருவி. கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. எம், டி என்ற இரண்டு எழுத்தும் ஃபார்மட் என்ற சொல்லும் இடைவெளி இல்லாமல் சேர்ந்தால் கருவியின் பெயர். ஆப்ஷன்களுக்கு முன்னால் வருவது இரண்டு ஹைஃபன், நடுவில் ஸ்பேஸ் கிடையாது.

## முதலில் ஒரு விஷயம்: இது எந்த மார்க்டவுனைப் படிக்கிறது

2004-இல் ஜான் க்ரூபர் மார்க்டவுனை வெளியிட்டபோது அதற்குக் கறாரான இலக்கணம் இல்லை. ஒரே கோப்பை இரண்டு மென்பொருள்கள் இரண்டு விதமாகக் காட்டின. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014-இல் காமன்மார்க் என்ற வரையறை வந்தது. கிட்ஹப் அதன்மேல் அட்டவணை, செய்பணிப் பட்டியல், எழுத்தின்மேல் அடிக்கும் கோடு போன்றவற்றைச் சேர்த்துத் தன் வழக்கை 2017-இல் தனி ஆவணமாக்கியது. அடிக்குறிப்பு, ஃப்ரண்ட்மேட்டர் (கோப்பின் உச்சியில் --- கோடுகளுக்குள் எழுதும் தலைப்பு, தேதி போன்ற விவரம்), கணிதச் சூத்திரம் எல்லாம் இன்னும் வெவ்வேறு இடங்களில் முளைத்தவை.

எம்டிஃபார்மட் பிளகின் (கூடுதல் திறன் தரும் துணைநிரல்) எதுவும் சேர்க்காத நிலையில் காமன்மார்க்கை மட்டுமே அறியும். அட்டவணை காமன்மார்க்கில் இல்லை. ஆகவே அதன் கண்ணுக்கு உங்கள் அட்டவணை, செங்குத்துக் கோடுகள் நிறைந்த ஒரு சாதாரணப் பத்தி. புதிதாக வருபவர்கள் படும் அடிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான். எந்த வட்டார வழக்கில் எழுதுகிறீர்கள் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே கோப்பைக் கையில் கொடுக்க வேண்டும்.

## நிறுவுதல்

பைத்தான் 3 இருக்க வேண்டும். `பிப் இன்ஸ்டால்` என்று நேராகப் போனால் டெபியன் 12, உபுண்டுவின் அண்மைப் பதிப்புகள் ஆகியவற்றில் "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்" என்று ஒரு எரர் வந்து நிற்கும். கணினியின் சொந்தப் பைத்தானைக் கெடுத்துவிடாமல் இருக்க அந்தத் தடை. அதை மீறுவதற்கு ஒரு ஆப்ஷனை அந்த எரரே சொல்லித்தரும்; அந்தப் பக்கம் போகாதீர்கள். பிப்எக்ஸ் போதும். அது ஒவ்வொரு கருவிக்கும் தனி அறை ஒதுக்கி அதற்குள் நிறுவும்.

```
பிப்எக்ஸ் இன்ஸ்டால் எம்டிஃபார்மட்
பிப்எக்ஸ் இன்ஜெக்ட் எம்டிஃபார்மட் எம்டிஃபார்மட்-ஜிஎஃப்எம்
பிப்எக்ஸ் இன்ஜெக்ட் எம்டிஃபார்மட் எம்டிஃபார்மட்-ஃப்ரண்ட்மேட்டர்
பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத்
```

இரண்டாவது வரியில் கருவியின் பெயர் இரண்டு முறை வருவது பிழையல்ல. முதலில் வருவது எந்த அறைக்குள் என்பது, அடுத்து வருவது எதைச் சேர்ப்பது என்பது. இன்ஜெக்டுக்குப் பதிலாக மீண்டும் இன்ஸ்டால் போட்டால் பிளகின் அந்த அறைக்குள் போய்ச் சேராது. கருவி அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. நான்காவது வரிக்குப் பிறகு டெர்மினலை மூடித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றுதான் வரும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க:

```
எம்டிஃபார்மட் --வெர்ஷன்
```

பதிப்பு எண்ணை அடுத்து அடைப்புக்குறிக்குள் பிளகின்களின் பெயர்கள் வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். ஜிஎஃப்எம் என்பது கிட்ஹப்பின் வழக்கு; அந்தப் பிளகின் அட்டவணை, செய்பணிப் பட்டியல், எழுத்தின்மேல் அடிக்கும் கோடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். அடிக்குறிப்பு எழுதுபவர்கள் ஃபுட்நோட் என்ற பெயரில் முடியும் பிளகினையும் இதே முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## முதல் ஓட்டம்

எம்டிஃபார்மட் கோப்பை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதிவிடும். பழைய பிரதி எதையும் வைக்காது, "செய்யட்டுமா" என்று கேட்கவும் கேட்காது. ஆகவே கிட்டில் எல்லாம் கமிட் (பதிவு) ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, முதலில் தொடாமல் சோதிக்கும் முறையில் ஓட்டுங்கள்:

```
எம்டிஃபார்மட் --செக் .
```

கடைசியில் இருக்கும் புள்ளி 'இந்த ஃபோல்டரும் இதன் உள்ளே இருப்பதும்' என்று பொருள்படும். எம்டி என்று முடியும் கோப்புகளையெல்லாம் தேடிப் படித்து, சீராக இல்லாதவற்றின் பெயரைச் சொல்லும். எந்தக் கோப்பையும் மாற்றாது. ஒன்றாவது சீராக இல்லையென்றால் வெளியேறும் எண் 1; எல்லாம் சரியென்றால் 0. பின்னால் தானியங்கிச் சோதனையில் வைக்க இந்த எண்தான் உதவும்.

பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கோப்பை எடுத்து ஓட்டுங்கள். முழு ஃபோல்டரையும் முதல் தடவையே கொடுக்க வேண்டாம்.

```
எம்டிஃபார்மட் ரீட்மீ.எம்டி
கிட் டிஃப் ரீட்மீ.எம்டி
```

டிஃப்பில் கீழ்க்கண்ட மாற்றங்கள் இருந்தால் கவலை வேண்டாம், அவை இந்தக் கருவியின் நடை:

- === அல்லது --- என்று அடியில் கோடிட்ட தலைப்புகள், முன்னால் # போட்ட தலைப்புகளாகும்.
- புள்ளிப் பட்டியல்கள் ஹைஃபனுக்கு மாறும். இரண்டு தனிப் பட்டியல்கள் அடுத்தடுத்து வந்தால் மட்டும் இரண்டாவதற்கு நட்சத்திரம், இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.
- பிரிப்புக் கோடு எப்படி இருந்தாலும் 70 அண்டர்ஸ்கோராகும். அழகில்லைதான், மாற்ற ஆப்ஷனும் இல்லை.
- வரி முடிவில் இரண்டு ஸ்பேஸ் விட்டு வரியை உடைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு \ வரும். இது நல்ல மாற்றம். கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸை எந்த எடிட்டரும் எப்போது வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். பேக்ஸ்லாஷ் கண்ணில் படும்.
- ஆவணத்தின் நடுவில் சிதறிக் கிடக்கும் லிங்க் வரையறைகள் கடைசிக்குப் போய் வரிசையாக அடுக்கப்படும். எங்கும் பயன்படாத வரையறைகள் நீக்கப்படும்.

கடைசியில் சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. வெளியில் தெரியாத குறிப்பு எழுத சிலர் `[//]: # (இதைப் பிறகு திருத்து)` என்ற தந்திரத்தைப் பயன்படுத்துவார்கள். இலக்கணப்படி அது குறிப்பே அல்ல, யாரும் பயன்படுத்தாத ஒரு லிங்க் வரையறை. கருவி அதைச் சத்தமில்லாமல் துடைத்துவிடும். அப்படிப்பட்ட குறிப்புகளை முன்கூட்டியே `<!-- இதைப் பிறகு திருத்து -->` என்று மாற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்து எல்லோரையும் திடுக்கிட வைப்பது எண் பட்டியல். 1, 2, 3 என்று எழுதியது 1, 1, 1 என்று ஆகியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் அது 1, 2, 3 என்றுதான் தெரியும். மார்க்டவுன் முதல் எண்ணை மட்டுமே மதிக்கும். நடுவில் ஒரு படி சேர்க்கும்போது கீழே இருக்கும் பத்து வரிகளின் எண்ணும் மாறி டிஃப் பெருக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் மூலக் கோப்பையே டெர்மினலில் படிக்கிற வழக்கமுள்ள குழுவுக்கு 1, 1, 1 எரிச்சல்தான். அவர்கள் `--நம்பர்` ஆப்ஷனைச் சேர்த்தால் வரிசையாக எண்ணிக்கொடுக்கும்.

## பிளகின் இல்லாமல் ஓட்டினால் நடப்பது

எம்டிஃபார்மட்டின் பெரிய பலம், எழுதுவதற்கு முன் தன்னைத்தானே சரிபார்ப்பது. பழைய மார்க்டவுனையும் புதிய மார்க்டவுனையும் எச்டிஎம்எல் ஆக்கிப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பைத் தொடாமல் எரர் கொடுத்து நின்றுவிடும். இதை நம்பித்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சரிபார்ப்பும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறது.

ஃப்ரண்ட்மேட்டர் உள்ள ஒரு கோப்பைப் பாருங்கள்:

```
---
தலைப்பு: நிறுவும் முறை
தேதி: 2024-03-10
---
```

ஃப்ரண்ட்மேட்டர் பிளகின் இல்லாமல் ஓட்டினால் கிடைப்பது:

```
______________________________________________________________________

## தலைப்பு: நிறுவும் முறை தேதி: 2024-03-10
```

காமன்மார்க் கண்ணில் முதல் --- ஒரு பிரிப்புக் கோடு. அடுத்த இரண்டு வரியும் கீழே உள்ள --- உம் சேர்ந்து, அடியில் கோடிட்ட இரண்டாம் நிலைத் தலைப்பு. கருவி தன் நடைப்படி கோட்டை 70 அண்டர்ஸ்கோர் ஆக்கியது, தலைப்புக்கு ## போட்டது, இரண்டு வரியை ஒன்றாக்கியது. முன்னும் பின்னும் எச்டிஎம்எல் ஒன்றுதான். ஆகவே எரரும் வராது. உங்கள் தளம்தான் அடுத்த முறை கட்டும்போது தலைப்பும் தேதியும் இல்லாமல் நிற்கும்.

அட்டவணைக்கும் இதே கதி. பத்தி என்று நினைத்துக்கொண்டிருப்பதால், வரிகளைச் சேர்த்து எழுதச் சொல்லும் ஆப்ஷனோடு ஓட்டினால் ஐந்து வரி அட்டவணையை ஒரே நீள வரியாக இழுத்துவிடும். அதற்கும் எரர் வராது.

ஆகவே வேலை தொடங்குமுன் உங்கள் ஃபோல்டரில் எதெல்லாம் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்: --- உடன் தொடங்கும் கோப்புகள், செங்குத்துக் கோடு உள்ள கோப்புகள், `[^1]` உள்ளவை, டாலர் குறிக்குள் சூத்திரம் உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் பிளகின் நிறுவியிருக்கிறதா என்று உறுதியான பிறகே அடுத்தது. சூத்திரம் நிறைந்த கோப்புகளைத் தொடக்கத்தில் ஒதுக்கி வைப்பது நல்லது. சூத்திரத்துக்குள் வரும் அண்டர்ஸ்கோரும் பேக்ஸ்லாஷும் கருவிக்குத் தன் வேலையைச் செய்யச் சொல்வதுபோல் தோன்றும்.

## கருவி திருத்தாத தவறு: உள்பட்டியல்

ஃபார்மட்டர் உங்கள் மனதில் இருந்ததை எழுதாது. கோப்பில் இருப்பதைத்தான் எழுதும். இதை எண் பட்டியலுக்குள் புள்ளிப் பட்டியல் வைக்கும்போது நன்றாகப் பார்க்கலாம்:

```
1. அரிசியைக் கழுவு
  - இரண்டு முறை
2. ஊறவை
```

எழுதியவர் எண்ணியது, கழுவுவதன் கீழ் ஒரு துணைக்குறிப்பு. ஓட்டியதும் வருவது:

```
1. அரிசியைக் கழுவு

- இரண்டு முறை

2. ஊறவை
```

மூன்று தனித்தனிப் பட்டியல்கள். காரணம் ஒரே ஒரு ஸ்பேஸ். "1. " என்பது மூன்று இடம் பிடிக்கிறது: எண், புள்ளி, ஸ்பேஸ். உள்ளே போக வேண்டியது குறைந்தது மூன்று ஸ்பேஸ் தள்ளித் தொடங்க வேண்டும், இங்கே இரண்டுதான் இருக்கிறது. "- " இரண்டு இடமே பிடிப்பதால் புள்ளிக்குள் புள்ளி வைக்க இரண்டு ஸ்பேஸ் போதும். அந்தப் பழக்கத்தில் எண் பட்டியலிலும் இரண்டு விட்டுவிடுகிறார்கள். எண் 10 ஆனால் நான்கு ஸ்பேஸ் தேவை.

இந்தப் பட்டியல் முதலிலிருந்தே உடைந்துதான் இருந்தது. கருவி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவே. முதல் ஓட்டத்தின் டிஃப்பில் பட்டியல்களுக்கு நடுவே புதிய வெற்று வரிகள் தென்பட்டால் அங்கே நின்று பாருங்கள். `கிட் செக்அவுட்` கொண்டு பழைய கோப்பை மீட்டு, ஸ்பேஸைச் சரிசெய்து, மறுபடி ஓட்டுங்கள். ஓடிய பிறகு கையால் ஒட்டவைப்பதைவிட இது சுலபம்.

## தமிழில் எழுதும் கோப்புகளுக்கு

தமிழில் உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். மார்க்டவுனின் தடித்த எழுத்து விதிகளோ சொல்லைச் சுற்றி இடைவெளி இருக்கும் மொழிகளை மனதில் வைத்தவை. அதனால் நமக்கே உரிய இரண்டு கோளாறுகள் வரும்.

முதலாவது: `**“கையேடு”**இல்` என்று எழுதினால் தடித்த எழுத்து வராது. முடிக்கும் நட்சத்திரங்களுக்கு முன்னால் நிறுத்தற்குறி, பின்னால் எழுத்து என்று அமைந்தால் காமன்மார்க் அதை முடிவாக ஏற்பதில்லை. மேற்கோள் குறியை வெளியே எடுத்து `“**கையேடு**”இல்` என்று எழுதினால் சரியாகிவிடும். மேற்கோளே இல்லாத `**கையேடு**இல்` என்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

இரண்டாவது: `_கையேடு_இல்` என்ற சாய்வெழுத்து வேலை செய்யாது. சொல்லின் நடுவே வரும் அண்டர்ஸ்கோரைக் குறியாகக் கொள்ளக் கூடாது என்பது விதி. உருபு ஒட்டியதால் இரண்டாவது அண்டர்ஸ்கோர் சொல்லின் நடுவே வந்ததாகிவிட்டது. நட்சத்திரத்துக்கு அந்தத் தடை இல்லை: `*கையேடு*இல்`. எம்டிஃபார்மட் இந்தக் குறியை நீங்கள் எழுதியபடியே விடும், ஆகவே நட்சத்திரத்தை நீங்களே போட வேண்டும்.

இவற்றைக் கண்டுபிடிக்கக் கருவியே உதவும். தடித்த எழுத்தாக அமையாமல் போன நட்சத்திரங்களை வெறும் எழுத்தாகக் கருதி முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டுவிடும். ஓடிய பிறகு கோப்பில் `\*\*` என்று தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும், யாரோ தடித்த எழுத்து வருமென்று நினைத்து ஏமாந்திருக்கிறார். பேக்ஸ்லாஷை மட்டும் நீக்கினால் அடுத்த ஓட்டத்தில் திரும்ப முளைக்கும். சொல்லமைப்பை மாற்ற வேண்டும்.

வரி நீளம் அடுத்தது. `--வ்ராப்` என்ற ஆப்ஷனுக்கு மூன்று வகை மதிப்புகள்: கீப் என்றால் வரிகளை இருந்தபடி விடும், இதுதான் இயல்புநிலை. நோ என்றால் பத்தி முழுவதையும் ஒரே வரியாக்கும். 80 என்று எண் கொடுத்தால் அந்த அகலத்துக்குள் மடிக்கும். தமிழுக்கு எண் கொடுக்காதீர்கள். அகலம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தால் அளக்கப்படுவதில்லை, யூனிகோட் குறிகளால் அளக்கப்படுகிறது. "கு" ஓர் எழுத்து, ஆனால் இரண்டு குறி. "க்ஷொ" நான்கு குறி. 80 என்று கொடுத்தால் தமிழ் வரி ஐம்பது எழுத்தைச் சுற்றி முறியும், ஆங்கிலம் கலந்த வரி இன்னும் நீளமாகப் போகும். போதாக்குறைக்கு ஒரு சொல் சேர்த்தால் பத்தி முழுதும் மறுபடி மடிந்து டிஃப் பெருகும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிவிட்டு கீப்பில் விடுவதே நல்ல ஏற்பாடு. மாறிய வாக்கியம் மட்டும் டிஃப்பில் வரும்.

அட்டவணைத் தூண்களைக் கருவி ஸ்பேஸ் போட்டு நேராக்கும். ஆனால் எடிட்டரில் தமிழ் அட்டவணை கோணல்மாணலாகத்தான் தெரியும். சம அகல எழுத்துருக்களில் தமிழ் எழுத்து கட்டத்துக்குள் அடங்குவதில்லை. "ணௌ" எங்கே, "ர" எங்கே. கையால் ஸ்பேஸ் சேர்த்து நேராக்க முயலாதீர்கள், அடுத்த ஓட்டத்தில் கலைந்துவிடும். பக்கத்தில் சரியாகத் தெரிந்தால் போதும்.

பழைய குறியாக்கத்தில் சேமித்த கோப்புகள் இருந்தால் கருவி படிக்கவே முடியாமல் டிகோட் எரர் கொடுக்கும். முதலில் யூடிஎஃப்-8 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

## குழுவுக்கு ஒரே அமைப்பு

ஆளாளுக்கு வேறு வேறு ஆப்ஷன் கொடுத்தால் மறுபடி பழைய கதைதான். ரெப்போவின் (கிட் கண்காணிக்கும் கோப்புத் தொகுப்பின்) மேல்மட்ட ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பை வையுங்கள். பெயர் `.எம்டிஃபார்மட்.டாம்ல்`. உள்ளே மூன்று வரி:

```
வ்ராப் = "கீப்"
நம்பர் = ட்ரூ
எண்ட்_ஆஃப்_லைன் = "எல்எஃப்"
```

கருவி தான் சீராக்கும் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் தொடங்கி மேலே மேலே ஏறி இந்தக் கோப்பைத் தேடும். முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். டெர்மினலில் நேராகக் கொடுக்கும் ஆப்ஷன் இதை மிஞ்சும். வ்ராப்புக்கு எண் கொடுத்தால் மட்டும் மேற்கோள் குறி வேண்டாம்.

மூன்றாவது வரி விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்காக. கிட் விண்டோஸில் வரி முடிவைத் தானாக மாற்றிவைக்கும் அமைப்பில் இருந்தால், கோப்பு எப்போதும் சீராக இல்லை என்றே செக் சொல்லிக்கொண்டிருக்கும். குழுவில் அப்படி யாராவது இருந்தால் எல்எஃப்புக்குப் பதிலாகக் கீப் போடுங்கள்.

அடுத்து, கமிட் செய்யும்போது தானாக ஓட வைப்பது. ப்ரீ-கமிட் என்ற கருவியையும் பிப்எக்ஸ் வழியாகவே நிறுவலாம். அதன் யாம்ல் கோப்பில் எம்டிஃபார்மட்டின் ரெப்போ முகவரி, ரெவ் என்ற இடத்தில் ஒரு குறிப்பிட்ட பதிப்பு எண், ஐடி என்ற இடத்தில் எம்டிஃபார்மட், இவ்வளவும் எழுதிவிட்டு `ப்ரீ-கமிட் இன்ஸ்டால்` என்று ஒருமுறை ஓட்டினால் போதும். பலரும் விடுவது அடுத்த வரி: அடிஷனல் டிபெண்டன்சீஸ். ப்ரீ-கமிட் தனக்கென்று வேறொரு தனி அறை கட்டிக்கொள்ளும். உங்கள் கணினியில் பாடுபட்டு இன்ஜெக்ட் செய்த பிளகின்கள் அந்த அறைக்குத் தெரியாது. ஜிஎஃப்எம், ஃப்ரண்ட்மேட்டர் இரண்டையும் அந்த வரியில் மறுபடி எழுதாவிட்டால், கையால் ஓட்டும்போது நன்றாக இருந்த கோப்பு கமிட் செய்யும்போது 70 அண்டர்ஸ்கோரோடு வந்து நிற்கும்.

இப்படிக் கமிட்டின்போது தானாக ஓடும் ஏற்பாட்டுக்கு ஹூக் என்று பெயர். ஹூக் அமைத்த பிறகு முதல் கமிட் "ஃபெயில்ட்" என்று திரும்பி வரும். அது கோப்பைத் திருத்தியிருக்கிறது, திருத்தியதை நீங்கள் இன்னும் சேர்க்கவில்லை என்று பொருள். டிஃப்பைப் பார்த்துவிட்டு `கிட் ஆட்` செய்து மறுபடி கமிட் செய்யுங்கள். ஹூக்கைத் தாண்டிப் போகும் வழி கிட்டில் எப்போதும் உண்டு என்பதால், சர்வரில் ஓடும் சோதனையிலும் `எம்டிஃபார்மட் --செக் .` என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுவது நல்லது. அங்கேயும் பிளகின்களை நிறுவ வேண்டும். மூன்றாவது அறை அது.

## பழைய ரெப்போவை மாற்றும் நாள்

நூறு கோப்புகளை ஒரே நாளில் சீராக்கப் போகிறீர்கள் என்றால், அந்த மாற்றம் மட்டும் தனி கமிட்டாக இருக்கட்டும். உள்ளடக்கத் திருத்தம் ஒன்றுகூட அதில் கலக்கக் கூடாது. யாராவது நீண்ட நாளாகத் தனிக் கிளையில் எழுதிக்கொண்டிருந்தால் அதை முதலில் சேர்த்து முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு ஒவ்வொரு கோப்பிலும் மோதல் வரும்.

இப்படிச் செய்ததும் `கிட் பிளேம்` எடுத்தால் எல்லா வரிக்கும் சீராக்கியவர் பெயரே வரும். எழுதியவர் பெயர் மறைந்துபோகும். இதற்குத் தீர்வு கிட்டிலேயே 2.23 பதிப்பிலிருந்து இருக்கிறது. `.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்` என்ற கோப்பில் அந்தக் கமிட்டின் முழு 40 இலக்க அடையாளத்தை எழுதி, கிட் கான்ஃபிக்கில் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்ற இடத்தில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கமிட் செய்த பிறகுதான் அடையாளம் தெரியும் என்பதால் இந்தக் கோப்பு அடுத்த கமிட்டில்தான் வர முடியும். கிட்ஹப் இதே பெயரில் இருக்கும் கோப்பைத் தானாகவே கண்டுகொள்ளும்.

உங்கள் குழு ஏற்கெனவே ஜாவாஸ்கிரிப்டுக்குப் ப்ரெட்டியர் என்ற ஃபார்மட்டரைப் பயன்படுத்துகிறதா? அப்படியென்றால் எம்டிஃபார்மட்டைக் கொண்டுவராமல் மார்க்டவுனுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். அட்டவணையும் ஃப்ரண்ட்மேட்டரும் அதற்குப் பிளகின் இல்லாமலே தெரியும். எச்டிஎம்எல் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையை மட்டும் அது செய்யாது. ஒரே கோப்பின்மேல் இரண்டையும் ஓட்டாதீர்கள். ப்ரெட்டியர் பிரிப்புக் கோட்டுக்கு --- போடும். எம்டிஃபார்மட் 70 அண்டர்ஸ்கோர் போடும். கடைசியாக யார் சேமித்தாரோ அவர் எடிட்டர் சொன்னபடி கோப்பு ஆடும். எடிட்டரில் 'சேமிக்கும்போது சீராக்கு' என்ற அமைப்பு மார்க்டவுனுக்கு எந்தக் கருவியைக் கூப்பிடுகிறது என்று ஒவ்வொருவர் கணினியிலும் பார்த்துவிடுங்கள். ஹூக் அமைத்த பிறகும் டிஃப்பில் பிரிப்புக் கோடு --- ஆகவும் அண்டர்ஸ்கோராகவும் மாறி மாறி வந்தால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.